படத்துக்கு நின்றவர்கள், படம் எடுக்கிறவர்கள்

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் தோட்டத்துக் குடும்பங்கள் டவுனுக்கு இறங்கும். இரத்தினபுரி, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று எந்த டவுனை எடுத்தாலும் புடவைக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூடியோ இருக்கும். முன்னறையில் ஒரு வாங்கு, ஒரு நிலைக்கண்ணாடி, அதன் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். உள்ளே திரை. திரையில் மாளிகைப் படிக்கட்டோ, அன்னம் நீந்தும் குளமோ வரைந்திருக்கும். அப்பா நாற்காலியில் உட்காருவார். அம்மா பக்கத்தில் நிற்பார். பிள்ளைகளின் தலையை ஸ்டூடியோக்காரர் இரண்டு விரலால் திருப்பி நிறுத்துவார். கைக்கடிகாரம் இல்லாதவருக்கு அவரே ஒன்றைக் கொடுப்பார், கோட்டும் கொடுப்பார். "அசையாதீங்க, கண்ண மூடாதீங்க" என்பார். ஒரே ஒரு தடவைதான் அழுத்துவார். படம் அடுத்த கிழமை கிடைக்கும்.

அந்தப் படம் லயத்து அறையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. சப்ரகமுவத் தோட்டங்களில் 1990கள் வரைக்கும் ஒரு குடும்பத்தின் முகங்கள் இப்படித்தான் சேமிக்கப்பட்டன. கலியாணம், தீபாவளி, பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று வாழ்நாளில் நாலைந்து படங்கள் இருக்கும். இன்று அதே லயத்தில் பதினாலு வயதுப் பிள்ளை ஒரு மத்தியானத்தில் அதைவிடக் கூடுதலான படங்களை எடுத்துவிடுகிறது. இந்த மாற்றத்தைச் சாமான் மலிந்த கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. கமரா யார் கையில் இருந்தது, அதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்பதுதான் நான் பேச வேண்டிய விஷயம்.

படம் பிடிக்கப் படிப்பதென்றால் அன்று ஸ்டூடியோவில் பையனாகச் சேர வேண்டும். கடை கூட்டுவது, தேத்தண்ணி வாங்கி வருவது, கழுவிய படங்களைக் கம்பியில் மாட்டிக் காயவைப்பது என்று தொடங்கும். பிறகு இருட்டறை. படத்தாளைக் கழுவச் சிவப்பு விளக்கு போதும். பிலிமைக் கழுவும்போது அந்த விளக்கும் கூடாது. கும்மிருட்டில் கையால் தடவியே சுருளை மாட்ட வேண்டும். டெவலப்பர் தட்டு, தண்ணீர், ஹைப்போ என்று வரிசை. ஹைப்போ வாடை சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். கொஞ்சம் கைபழகிய பின் நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கூர்சீவிய பென்சிலால் முகத்துப் பருவையும் தழும்பையும் மறைக்கப் பழகுவான். கமராவைத் தொடுவது அதற்கும் பிறகுதான்.

அந்தக் காலத்து முதலாளிமார் கஞ்சத்தனத்தால் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைப்பது தவறு. ஒரு 120 பிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான் வரும். 35 மில்லிமீட்டர் சுருளில் முப்பத்தாறு. தவறாக ஒரு தடவை அழுத்தினால் பிலிம், மருந்து, தாள் மூன்றும் காசு. பிழை விட்டுப் பழகும் வசதி அந்தத் தொழிலில் இல்லை. அதனால் பையன் கண்ணால் படித்தான். வாடிக்கையாளரின் முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஆயிரம் தடவை பார்த்த பிறகு ஒருநாள் அவன் கையில் கமரா வரும். அப்படிப் படித்தவர்களின் படங்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் ஒளி பிசகியிருக்காது. ஆனால் தோட்டத்துப் பையன்களில் அந்த வாசலுக்குள் போனவர்கள் குறைவு. டவுனுக்கு வேலைக்குப் போனவர்களில் பலர் சாப்பாட்டுக்கடையிலும் சில்லறைக்கடையிலும்தான் நின்றார்கள்.

ஸ்டூடியோவுக்கு எங்கள் மக்களை அனுப்பி வைத்தது தீபாவளி மட்டுமில்லை, அரசாங்கமும்தான். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். 1970களில் அடையாள அட்டை வந்தபோது அதற்கும் படம் வேண்டும். அதுவரை ஸ்டூடியோ வாசலை மிதிக்காத கிழவிகள் அந்த வருசங்களில்தான் முதல்முதலாகக் கமராவுக்கு முன்னால் நின்றார்கள். காது தெரிய வேண்டும், முக்காடு கூடாது, சிரிக்கக் கூடாது. இந்தக் கரையிலா அந்தக் கரையிலா என்ற கேள்வி தீராத முகங்கள் அவை. தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்கள் சில, போகுமுன் உறவுக்காரர் எல்லாரையும் சேர்த்து வைத்து ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டன. ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி அங்கே.

அதற்கும் முன்னால் கமரா முழுக்க முழுக்க வெளியாட்களின் கையில் இருந்தது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், கோல்புறூக்-கமரன் சீர்திருத்தத்தில் பெயர் வருகிறவர். இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தார். இலங்கையில் அந்த அம்மையார் எடுத்த படங்களில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் தன் வீட்டைச் சுற்றி வேலை செய்தவர்களை அவர் கண்ணாடித் தகட்டில் பதித்தார். ஈரக் கொலோடியன் முறை அது: தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள், பத்துப் பதினைந்து நிமிசத்தில், படமெடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். மூட்டை மூட்டையாய்ச் சாமான்களோடு, இந்த ஈர வெக்கையில் அதைச் செய்தவரின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை தேவாலய வளவில் இருக்கிறது. இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் அவர் எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களின் படத்துக்குக் கீழே பெரும்பாலும் பெயர் இல்லை. கூலிகள், குடியானவர்கள் என்று எழுதியிருக்கும்.

கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கம்பனிகளும் இருந்தன. கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்ணின் படம் தபாலட்டையாகக் கடல் கடந்து போனது. லிப்டன் தேயிலை விளம்பரத்திலும் அவளேதான். இரத்தினபுரிக்கு 1912இல் களனிவெளி ரயில் வந்து சேர்ந்தபோது ரப்பர் தோட்டங்களின் படங்களும் இப்படியே எடுக்கப்பட்டன. துரையின் அல்பத்தில் பங்களாவும் நாயும் குதிரையும் பெயரோடு இருக்கும். பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் நூறு பேருக்குப் பெயர் இருக்காது. அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் நம் ஆட்கள் வேலைக் கோலத்தில்தான் இருக்கிறார்கள். படங்கு கட்டி, தலையில் கொங்காணி போட்டு, கூடையோடு. என்ன உடுத்திக்கொண்டு நிற்பது என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. டவுன் ஸ்டூடியோ ஒன்றுதான் கேட்டது. அந்தக் கடன்வாங்கிய கோட்டையும் அன்னக் குளத்தையும் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு தோட்டத் தொழிலாளி தானே முடிவு செய்த முதல் இடம் அந்தத் திரைக்கு முன்னால்தான்.

கமராவை வைத்துக் கலை செய்யலாம் என்று கொழும்பில் 1930களிலேயே காட்டியவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்தவர், பியானோக் கலைஞர், வழக்கறிஞர் படிப்பும் படித்தவர். பாதி கழுவிய படத்தின்மேல் வெளிச்சத்தைக் காட்டி ஓரங்களை வெள்ளிக் கோடாக்கினார், இரண்டு நெகட்டிவைச் சேர்த்து ஒரே காட்சியாக்கினார். தேயிலைப் பிரசாரத்துக்காக பசில் ரைட் எடுத்து 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்தில் விவரணைக் குரல் அவருடையதுதான். 1944இல் அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்றைக்குக் கொழும்பில் அவர் பெயரில் உள்ள மண்டபத்தைத் தாண்டிப் போகாத கலை ஆர்வலர் இல்லை. அவர் இருட்டறைக்குள் ராத்திரி முழுக்க நின்று செய்ததை இப்போது போனில் ஒரு விரல் தட்டில் செய்யலாம். ஆனால் அந்தக் காலத்தில் அவரைச் சுற்றி இருந்த படப்பிடிப்புச் சங்கமும் கண்காட்சிகளும் ஆங்கிலம் பேசும் மேல்தட்டுக்குரியவை. கொழும்பிலிருந்து தள்ளி, தெரணியகலையில் ரப்பர்ப் பால்வெட்டுகிறவனின் பிள்ளைக்கு அப்படி ஒரு உலகம் இருப்பதே தெரியாது.

1977, 1981, 1983 என்று கலவரங்கள் வந்தன. சப்ரகமுவத் தோட்டங்கள் அடி வாங்கிய இடங்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் எரிந்தன. உயிரும் உடைமையும் போன கணக்குக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்களின் கணக்கை எவரும் எழுதவில்லை. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள் பையில் எடுத்துப் போனது அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும்தான். சிலருக்கு மிஞ்சிய ஒரே முகம் அந்த அட்டையில் இருந்த சிரிக்காத முகம். அதன் பிறகு யுத்த வருசங்கள். 2009 வரைக்கும் தமிழ் இளைஞன் ஒருவன் தோளில் கமராவோடு பஸ் ஏறினால் சோதனைச்சாவடியில் அவன் சொல்ல வேண்டிய பதில்கள் நிறைய இருந்தன. கமரா ஆசை இருந்தவர்களும் கலியாண வீட்டுக்குள் மட்டும் எடுத்தார்கள்.

டிஜிட்டல் கமராவின் பிறப்பு 1975. அமெரிக்காவில் கொடாக் கம்பனியின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் செய்த அந்த முதல் கருவி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கசெட்டில் பதிய 23 விநாடி எடுத்தது. அது எங்கள் டவுன்களுக்கு வர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வந்ததும் இருட்டறைகள் மூடின. ஹைப்போத் தட்டு இருந்த இடத்தில் கணினியும் பிரிண்டரும் வந்தன. அன்னக் குளத்துத் திரையை மடித்து மூலையில் வைத்துவிட்டு, குளத்தைக் கணினியில் ஒட்டினார்கள். 2012 ஜனவரியில் கொடாக் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

லயத்துக்குள் கமரா வந்தது இன்னொரு வழியால். 2020, 2021 கொரோனா முடக்கத்தில் பாடசாலைகள் மூடியிருந்தபோது பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளை படிக்க வேண்டுமென்று கடன்பட்டு, நகையை அடகு வைத்துப் பெற்றோர் போன் வாங்கினார்கள். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் பாடத்தை இறக்கினார்கள். காத்திருந்த நேரத்தில் மலையையும் எடுத்தார்கள், மூடுபனியையும் எடுத்தார்கள். படிப்புக்கென்று வந்த சாமான் கமராவாகிப் போனது. இன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படப்பிடிப்புச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது அந்தப் போன்தான். பெரிய கமரா வாங்குவது லேசான காரியமில்லை. லென்ஸோடு இரண்டு லட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டாலும், 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஏறத்தாழ 150 நாள் கூலியாக இருந்தது. அதுவும் சாப்பிடாமல் இருந்தால்.

ஆனாலும் படிப்பு தொடங்கிவிட்டது. கொழும்புக்கு வேலைக்குப் போன பெடியன்கள் அங்கே சனி ஞாயிறு வகுப்பில் சேர்கிறார்கள். சாதாரண தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் இருக்கிறது. கலியாணப் படப்பிடிப்பாளருக்கு உதவியாளாகப் போய் ஒரு சீசனில் கமராவைப் பிரித்து மேய்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் தமிழ்நாட்டுக்காரர் சொல்லித் தருகிறார். அன்று பத்து வருசம் எடுத்தது இன்று பத்து மாதத்தில் வருகிறது. பிழை விடலாம், அழிக்கலாம், திரும்ப எடுக்கலாம். இது பெரிய விடுதலை. பழைய ஸ்டூடியோப் பையனுக்கு இது கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பான் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

என் குறை வேறு இடத்தில். நகரத்து வகுப்புகளில் சொல்லித்தரும் உத்திகள் நகரத்து வெளிச்சத்துக்கானவை. காலிமுகத்திடலில் சூரியன் மறைவதை நிழலுருவாக எடுப்பது, ராத்திரி வாகனங்களின் விளக்குக் கோடுகளை இழுப்பது, மழைநீர்த் தேக்கத்தில் கட்டடத்தின் பிரதிபிம்பம். எல்லாம் நல்ல பயிற்சிகள்தான். அதைப் படித்துவிட்டு ஊருக்கு வருகிறவன் ரப்பர்க் காட்டுக்குள் நின்று திகைக்கிறான். ஏனென்றால் ரப்பர்க் காட்டு வெளிச்சம் ஒரு தனிப் பாடம், அதை அங்கேதான் படிக்க வேண்டும்.

பால்வெட்டு விடியலில் நடக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அந்த நேரத்தில் மரங்களுக்கடியில் வெளிச்சம் அவ்வளவு குறைவு. ஐ.எஸ்.ஓ. 1600இல், துவாரத்தை 2.8க்குத் திறந்து வைத்தால், ஷட்டரை விநாடியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கொண்டுவரலாம். கத்தி பட்டையில் ஓடுகிற கை ஓரளவுக்குத் தெளிவாக விழும். அன்று கையில் இருந்த நூறு ஐ.எஸ்.ஓ. பிலிமில் அதே வெளிச்சத்துக்கு கால் விநாடி வேண்டும். கை வெறும் புகையாகத்தான் விழுந்திருக்கும். பழைய ரப்பர்த் தோட்டப் படங்களில் பால்வெட்டுகிறவர் கத்தியை மரத்தில் வைத்தபடி சிலைபோல் நிற்பதன் காரணம் இது. வேலை செய்கிறவரை வேலையை நிறுத்தச் சொல்லி, வேலை செய்வதுபோல் நிற்கச் சொல்லி எடுத்த படங்கள் அவை. நிஜமாக வெட்டுகிற கையை, அந்த விடியல் வெளிச்சத்திலேயே பிடிக்க முடிந்த முதல் தலைமுறை இதுதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் கண் விரிகிறது.

அடுத்த சிக்கல் பால் வடியும் சிரட்டையில். மரப்பட்டை கறுப்பு, இலை கடும்பச்சை, நடுவில் சுண்ணாம்பு வெள்ளையாய்ப் பால். கமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் சேர்த்துச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுப்பு அதிகமிருப்பதால் ஒளியைக் கூட்டிவிடும். பால் வெளிறி, வழிகிற கோடே தெரியாமல் போகும். ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். போனிலும் முடியும்: திரையில் பாலின்மேல் விரலை அழுத்திப் பிடித்துவிட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். காடு இருட்டிக்கொண்டு போக, சிரட்டை ஒன்று மட்டும் விளக்குப்போல நிற்கும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்த பிள்ளைக்கு ஒளியைப் பற்றி அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் தீபத்துக்கும் வெள்ளைச் சீருடைக்கும் அதே கணக்குத்தான்.

குருவிட்டப் பக்கம் போபத் எல்ல நீர்வீழ்ச்சி இருக்கிறது. பகல் வெளிச்சம் கூடிய நேரத்தில் போனால் தண்ணீர் உறைந்த கண்ணாடித் துண்டுகளாகத்தான் விழும். பின்னேர மப்பில், ஐ.எஸ்.ஓ.வை நூறுக்கு இறக்கி, துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கி, ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்தால் அது பட்டுத் துணிபோல இறங்கும். முக்காலி இல்லையா? பாறையில் துவாயை மடித்து வைத்து அதன்மேல் கமராவை இருத்தலாம். அழுத்துகிற விரலின் ஆட்டம் விழாமலிருக்க இரண்டு விநாடித் தாமதத்தைப் போட்டுவிட வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் ரப்பர் இலை பழுத்துச் சிவந்து கொட்டுகிற கிழமைகள் உண்டு. மலை முழுக்கச் செம்பு நிறம். அதற்காக நுவரெலியாவுக்கு பஸ் ஏறத் தேவையில்லை. மாசியில் காமன் கூத்து. முன்பு பெட்ரோமாக்ஸ், இப்போது எல்.இ.டி. பல்ப். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி நின்றுகொண்டால், ரதியின் முகத்தில் பாதி ஒளியும் பாதி இருளும் தானாக விழும். தப்படிக்கிறவரின் கையைத் தெளிவாகப் பிடிப்பதைவிட, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கில் அந்தக் கை கலங்கலாகவும் முகம் நிலையாகவும் விழ விடுவது அழகு. அப்போது படத்தைப் பார்க்கிறவருக்குச் சத்தம் கேட்கும்.

நுட்பம் இவ்வளவுதான். படித்துக்கொள்ளலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் எப்போதும் சண்டை வருவது இன்னொரு இடத்தில்.

ஒரு பிள்ளை தன் அப்பாயியை எடுக்கப் போகும். அப்பாயி இஸ்தோப்பில் குந்தி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். சுருக்கம் விழுந்த முகம், பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் புகைபிடித்த சுவர். நகரத்து வகுப்பில் படித்த எவருக்கும் கை துடிக்கும். கமராவைக் கண்டதும் அப்பாயி சொல்வார்: "என்னா கண்ணு இந்தக் கோலத்துல புடிக்கிற? இரு, சீலய மாத்திட்டு வாறேன்." பிள்ளைக்குச் சங்கடம். மாற்றிவிட்டு வந்து, கையைத் தொடையில் வைத்து, சிரிக்காமல், நேரே பார்த்து நின்றால் படம் கெட்டுப்போகும் என்று அதற்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இயல்பாக இருக்கும்போது, தெரியாமல் எடுப்பதுதான் கலை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். போட்டிகளில் பரிசு வாங்குவதும் அப்படிப்பட்ட படங்கள்தான்: கூடை சுமக்கும் கிழவி, வெடித்த பாதம், கறை படிந்த கை.

நான் அப்பாயி பக்கம். நூற்றைம்பது வருசமாக இந்த மக்களை வேலைக் கோலத்தில், கேட்காமல், பெயர் எழுதாமல் எடுத்தார்கள். சீலை மாற்றிவிட்டு வருகிறேன் என்பது அந்த வழக்கத்துக்கு அவர் சொல்லும் பதில். அந்தப் படத்தை முதலில் எடுத்துக்கொடு, பிரதி போட்டுக் கையில் கொடு, பிறகு வெற்றிலை இடிக்கும் படத்தைக் கேட்டு எடு என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். அப்படிக் கேட்டு எடுத்தால் அவர் இடிப்பதை நிறுத்திவிட மாட்டார்; கமராவை மறந்து கதையும் சொல்வார். அவசரமாகத் திருடிய படத்தைவிட அதில் முகம் திறந்திருக்கும். நிமிர்ந்து நின்று நேரே பார்க்கும் படம் பழசு, கட்டுப்பெட்டி என்று நினைக்கிற ஆசிரியர்களோடு இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த நிலையைச் சரியாக எடுக்கச் சன்னல் வெளிச்சத்தைப் பற்றி, கண்ணின் உயரத்துக்குக் கமராவை இறக்குவதைப் பற்றி, பின்னணியைச் சுத்தமாக்குவதைப் பற்றி எவ்வளவோ படிக்க வேண்டியிருக்கிறது.

கேட்டு எடுக்கிற, உள்ளேயிருந்து எடுக்கிற வழியைப் பெரிய அளவில் காட்டியிருப்பவர் சென்னையில் இருக்கிறார். எம். பழனிக்குமார், மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன். பொறியியல் படித்த காலத்தில், 2013 அளவில், கடன் வாங்கித்தான் அவருக்கு முதல் கமரா வந்தது. முதலில் எடுத்ததில் ஒன்று அம்மா மீன் விற்கும் படம். பிறகு மலக்குழித் தொழிலாளர் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார், பாரி இணைய இதழுக்காகத் தொழிலாளர் வாழ்வைப் படமாக்கினார். அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது, வடசென்னைப் பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கமரா சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததைக் கண்காட்சியாக வைத்ததுதான். நகரத்துக்குள்ளேயே நகரத்தார் பார்க்காத தெருக்களை, அந்தத் தெருப் பிள்ளைகளே காட்டினார்கள். எங்கள் தோட்டங்களுக்கு வேண்டிய வாத்தியார் அப்படிப்பட்டவர். 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்களே, அந்த நடைபயணத்தின் படங்களில் பல நடந்தவர்களே போனில் எடுத்தவை. காலில் கட்டுப் போடுகிற கையும், வழியில் மோர் கொடுத்தவரின் முகமும் அதில் வந்ததற்குக் காரணம், எடுத்தவரும் கூட நடந்தவர் என்பதே.

சப்ரகமுவக்காரருக்கு மலையகத்துக்குள்ளேயே ஒரு குறை உண்டு. மலையகம் என்றால் ஹட்டனும் நுவரெலியாவும்தான் படத்தில் வரும். அடுக்கடுக்காய்த் தேயிலை, நீல மலை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் ரப்பரும் தேயிலையும் கலந்தவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை, உயர்தரம் படிக்க வெகுதூரம் போக வேண்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது நாடே பார்த்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுப்பானைத் தோட்டத்து லயத்தின்மேல் மண் சரிந்து குடும்பங்கள் புதைந்ததைப் பார்த்த கண்கள் குறைவு. உள்ளூரில் கமரா தெரிந்த ஒரு தலைமுறை இருப்பது ஆசைக்கு மட்டுமில்லை. வெடித்த மண்மேட்டை, ஒழுகும் கூரையைத் தேதியோடு எடுத்து உத்தியோகத்தரின் மேசையில் வைக்கிறதற்கும் அது உதவும். அந்தப் படத்துக்கு அழகு தேவையில்லை. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஆளையோ கம்பையோ நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு தடவை எடுக்க வேண்டும். இதையும் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் கமரா பற்றிப் பேச முடியாது. இரத்தினபுரி இலங்கையின் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. பையில் மூடி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் படரும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். கடன்பட்டு வாங்கிய கமரா இப்படிப் பாழாவதைப் பார்ப்பது கொடுமை. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கிக் காயவைப்பது, கிழமைக்கு ஒரு தடவை லென்ஸை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுவது. கொழும்பில் ஏசி அறையில் நடக்கும் வகுப்பில் இதற்குக் கடைசி ஐந்து நிமிசம் ஒதுக்குவார்கள். இங்கே இது முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும்.

அன்று ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை உறையில் போட்டு இலக்கமிட்டு வைத்தார். இருபது வருசம் கழித்துப் போனாலும் தேடி எடுத்துத் தந்தவர்கள் இருந்தார்கள். இன்று எடுத்த படம் போன் உடைந்தால் போகிறது. சிக்கனம் போய்ப் பெருக்கம் வந்ததில் எங்களுக்கு நேர்ந்த நட்டம் இது ஒன்றுதான், ஆனால் பெரிய நட்டம். கம்பளைக்கு அருகே பரதெக்கையில் பழைய லயம் ஒன்றை 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். அங்கே பழைய சாமான்களோடு பழைய படங்களும் இருக்கின்றன. சப்ரகமுவத் தோட்டங்களின் படங்களுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் பிள்ளைகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டவுன் ஸ்டூடியோவில் எடுத்த அந்தக் கண்ணாடிச் சட்டப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கி, சன்னலோரம் சாய்த்து வைத்து, கண்ணாடியில் தங்கள் நிழல் விழாதபடி கொஞ்சம் பக்கவாட்டாக நின்று, போனில் நேர்த்தியாக ஒரு பிரதி எடுக்க வேண்டும். எடுத்த கையோடு வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் முறையையும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், இந்தியாவுக்குப் போனவரா இருந்தவரா என்பதையும் எழுதி, இரண்டு இடத்தில் சேமித்து வைக்க வேண்டும். சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு இதுதான் வேலை.